மலைமுகட்டில் இரண்டு கோடுகள்

ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். ஐந்தருவியில் குளிக்க வரிசை நீளும். அங்கிருந்து வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் சங்கரன்கோவில் வட்டத்து மேலநீலிதநல்லூர். அதே மாதம், அதே மேகாத்துதான் இங்கேயும் வீசுகிறது. ஆனால் அது கொண்டுவருவது புழுதியை. ஊருக்கு மேற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி, புளியங்குடிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பின்னால், மலைத்தொடர் நீலமாக எழுந்து நிற்கிறது. அதன் தலையில் மேகம் கவிந்திருப்பது கரிசல் காட்டில் நிற்பவர் கண்ணுக்கும் தெரியும். மேகம் அங்கேயே நின்றுவிடும். இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்று மட்டும்.

அந்த முகட்டின் மேல் இரண்டு கோடுகள் ஓடுகின்றன. ஒன்றை இயற்கை போட்டது: இதற்கு மேற்கே விழும் துளி அரபிக்கடலுக்கு, கிழக்கே விழும் துளி மன்னார் வளைகுடாவுக்கு என்று பிரிக்கும் நீர்ப்பிரிமேடு. மற்றதை மனிதர் போட்டார்கள்: தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவிலுள்ள மாநில எல்லை. பள்ளிக்கூட வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். பெரும்பாலான தூரம் அது சரியும்கூட. சில இடங்களில் இரண்டும் விலகுகின்றன. சங்கரன்கோவில் சீமையின் தண்ணீர்க் கதையில் பாதி அந்த விலகல்களில்தான் இருக்கிறது.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதும்போது மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. ஏறினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். ஈரம் நீராகப் படியாத வரையில் ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி வெப்பம் குறைகிறது. மேகம் கட்டத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். நீராவி நீராகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளியே விடுவதால் குளிர்வது மந்தப்படுகிறது. அதன்பின் நூறு மீட்டருக்கு அரை டிகிரி அளவுதான் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொல்லம் கடற்கரையில் காற்று 28 டிகிரி என்று வையுங்கள். 500 மீட்டர் உயரத்தில் மேகம் கட்டத் தொடங்குகிறது; அங்கே வெப்பம் 23 டிகிரி. 1,500 மீட்டர் முகட்டுக்கு ஏறும்போது இன்னும் 5 டிகிரி குறைந்து 18. வழியெல்லாம் மழையைக் கொட்டியாயிற்று. இனி இறக்கம். ஈரம் இழந்த காற்று இறங்கும்போது நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி முழுதாகச் சூடேறும். 150 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளியைத் தொடும்போது 13.5 டிகிரி கூடி 31.5 ஆகிவிடுகிறது. கடற்கரையை விட்டுக் கிளம்பியதைவிட மூன்றரை டிகிரி அதிகம், ஈரமோ மிகக் குறைவு. மழை தராதது மட்டுமா? மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போகிறது. கேரளத்தின் ஆண்டு மழை சராசரியாக 3,000 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க, தமிழ்நாட்டின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. காரணம் இந்த ஏற்றமும் இறக்கமும்தான்.

அப்படியானால் கிழக்குச் சரிவிலே இருக்கும் குற்றாலத்துக்கு மட்டும் சாரல் எப்படி? மலையில் அங்கே ஒரு தாழ்ந்த வாசல் இருக்கிறது. தெற்கே அகத்தியமலைக் கூட்டம், வடக்கே பெரியாற்றுக் காடுகளின் உயர்ந்த மலைகள்; நடுவே ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக் கணவாய். முழுதாக ஏறி முழுதாகக் கறக்கப்படாமல் ஈரக்காற்றில் ஒரு பகுதி இந்த வாசலில் நுழைந்துவிடுகிறது. குற்றாலம், செங்கோட்டை, தென்காசி மூன்றும் அதன் வாய்க்கு நேரே இருப்பதால் சாரலில் நனைகின்றன. அங்கிருந்து தள்ளிப் போகப்போக ஈரம் தீர்ந்து வேகம் மட்டும் மிஞ்சும். சுரண்டை, ஊத்துமலை, தேவர்குளம், கயத்தாறு என்று காத்தாடிகள் வரிசைகட்டி நிற்பது அந்த மிச்ச வேகத்தை நம்பித்தான். மழை தராத காற்று மின்சாரமாவது தருகிறது. ஆடி மாதம் காத்தாடி சுற்றும் வேகத்தைப் பார்த்தே குற்றாலத்தில் தண்ணீர் எப்படி என்று ஊகித்துவிடுகிற பெரியவர்கள் இந்தப் பக்கம் உண்டு.

இந்த வாசல் ஏன் இங்கே திறந்தது? விடை மண்ணுக்கு மிகக் கீழே இருக்கிறது. கேரளத்து அச்சன்கோவில் ஆறு, வரைகோல் வைத்துக் கிழித்ததுபோல் வடமேற்காக ஓடுவதைப் படத்தில் காணலாம். அந்த ஆற்றின் போக்கைத் தீர்மானித்தது பூமியின் மேலோட்டில் இருக்கும் ஒரு பழைய வடு. புவியியலாளர்கள் அதை அச்சன்கோவில் நழுவு மண்டலம் என்கிறார்கள். வடக்கே மதுரைப் பாறைத் தொகுதி, தெற்கே திருவனந்தபுரம் பாறைத் தொகுதி. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், இவ்விரண்டும் உரசி நசுங்கிய பட்டை இது. பல கிலோமீட்டர் அகலத்தோடு கேரளத்திலிருந்து தென்கிழக்காக இறங்கித் தென்காசிச் சீமை வழியாகத் திருநெல்வேலியை நோக்கிப் போகிறது. இதன் தொடர்ச்சி மடகாஸ்கரில் உள்ள ரனோட்சாரா மண்டலம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், நசுங்கிப் பலவீனமான பாறையை நீர் எளிதில் அரிக்கும். உயர்ந்த மலையில் தாழ்ந்த வாசல் பிறந்தது அப்படித்தான் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது. தென்காசிக்குச் சாரல் கொடுத்ததில் அந்தப் பழைய உரசலுக்கும் ஒரு பங்கு.

மலையே எழும்பியதும் மடகாஸ்கரோடு சம்பந்தப்பட்டதுதான். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்கு ஓரத்திலிருந்து பிய்ந்து போனது. பிய்ந்த ஓரம் உயர்ந்து நின்றது. அதனால்தான் மேற்கே இறங்குவது செங்குத்தாகவும் கிழக்கே சரிவது பையப்பையவும் இருக்கிறது. தீபகற்பத்தின் பெரிய ஆறுகளில் பல அரபிக்கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு வங்கக்கடல் வரை நடப்பதும் இதனால்தான். மேற்கு நோக்கி விழும் ஆறுகள் குட்டை, ஆனால் மூர்க்கம் அதிகம். பாறையை அரித்து அரித்து முகட்டைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வேகமாக அரிக்கும் ஆறு சில சமயம் முகட்டையே வெட்டிக்கொண்டு போய், மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்த ஓடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு. நிலவியலில் இதற்கு ஆற்றுக் கவர்வு என்று பெயர். நீர்ப்பிரிமேடு நிலையானதென்று நாம் எண்ணுவது நம் ஆயுள் குறைவு என்பதால்.

இனி மனிதர் போட்ட கோடு. நாடுகளைப் பிரிக்க மலைமுகட்டைப் பிடித்துக்கொள்வது ஆட்சியாளர்களுக்கு எப்போதுமே வசதி. தண்ணீர் பிரியும் இடத்தில் எல்லை பிரியட்டும் என்று ஒரு வரியில் ஒப்பந்தம் எழுதிவிடலாம். தென் அமெரிக்காவில் சிலியும் அர்ஜென்டினாவும் 1881இல் அப்படி எழுதின: தண்ணீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்களே எல்லை. போய் அளந்தபோது சிக்கல் முளைத்தது. படகோனியாவில் பனிப்பாறைகள் தோண்டிய பள்ளங்கள் வழியாக ஆறுகள் உயர்ந்த சிகரங்களையே ஊடுருவி ஓடின. சிகரம் ஒரு பக்கம், நீர்ப்பிரிமேடு அதற்கு வெகு கிழக்கே. சிகரம்தான் எல்லை என்றது ஒரு நாடு, தண்ணீர்தான் எல்லை என்றது மற்றது. பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு 1902இல் தீர்ப்புச் சொன்னார். நேரில் போய்ப் பார்த்து வந்தவர் தாமஸ் ஹோல்டிச். இந்திய நில அளவைத் துறையில் எல்லைப்புற அளவைகளிலேயே வாழ்நாளைக் கழித்த அதிகாரி அவர். தீர்ப்பு இரண்டு தரப்புக் கோடுகளையும் ஏற்காமல் நடுவே புகுந்து சென்றது.

நம் பக்கம் திருவிதாங்கூரையும் கொச்சியையும் முறையாக அளந்தது 1816 முதல் 1820 வரை. அளந்தவர்கள் வார்டு, கானர் என்ற இரு ராணுவ அதிகாரிகள். இன்று மாதிரி அன்றும் முகடுதான் பெரும்பாலும் எல்லை. ஆனால் செங்கோட்டையில் திருவிதாங்கூர் முகட்டைத் தாண்டிக் கிழக்கே கால் வைத்திருந்தது. கணவாயின் இரண்டு வாசலையும் ஒரே சமஸ்தானம் வைத்திருந்தால் போக்குவரத்தும் சுங்கமும் அதன் கையில்தானே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அந்தக் கணக்கில் அவர் திருவிதாங்கூர்ப் பிரஜை, வேலை பார்த்ததும் புனலூரில். தென்காசியோ பிரிட்டிஷ் சீமை. ஒரே சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் இரண்டு ஊர்களும் வேறுவேறு அரசின் கீழ் இருந்தன.

1953இன் கடைசியில் அமைந்த பசல் அலி ஆணையம் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிப்பதை ஆராய்ந்தது. தெற்கே நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை வட்டத்தின் கிழக்குப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. ஆரியங்காவும் அச்சன்கோவிலும் கேரளத்தில் நின்றன. பேசும் மொழியை வைத்துப் போட்ட கோடு, செங்கோட்டையைப் பொறுத்தவரை ஏறத்தாழ நீர்ப்பிரிமேட்டிலேயே போய் உட்கார்ந்தது. கன்னியாகுமரியில் அப்படி நடக்கவில்லை: அங்கே கோதையாறு மேற்குச் சரிவின் ஆறு, ஆனால் தமிழ்நாட்டு ஆறு. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் கேட்டும் கிடைக்காமல் கேரளத்தில் நின்றன. பெரியாற்றின் மேல்பகுதி எந்த மாநிலத்தில் என்பதை அந்த முடிவுதான் உறுதி செய்தது. மொழி எல்லை பேசிய மேடைகளில் தண்ணீர் எல்லை எவ்வளவு பேசப்பட்டது என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

கேரளத்தில் 44 ஆறுகள் என்று கணக்கு. அவற்றில் 41 மேற்கே போகின்றன. கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே திரும்பிக் காவிரிக்கு வருகின்றன. அதாவது அந்த மூன்று இடங்களில் கேரளம் நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இருக்கிறது. மறுபுறம் பெரியாறு. 244 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றின் வடிநிலம் 5,398 சதுர கிலோமீட்டர். அதில் 5,284 கேரளத்தில், 114 தமிழ்நாட்டில். சின்ன எண்தான், இரண்டு சதவீதம். ஆனால் இந்த ஆறு முழுக்க முழுக்க எங்களுடையது என்று கேரளம் வாதாடும்போதெல்லாம் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் எடுத்து வைத்த எண் அது.

பெரியாறு பிறக்கும் இடம் எது தெரியுமா? சிவகிரி மலை. சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே இருக்கும் அதே சிவகிரியின் பெயரைத் தாங்கிய மலைகள். மேலநீலிதநல்லூர்க் காட்டிலிருந்து வடமேற்கே பார்த்தால் தெரியும் முகடுகளின் பின்பக்கம் என்றே சொல்லிவிடலாம். பிறந்த ஆறு மேற்கே விழாமல் அடர்காட்டுக்குள் வடக்கு நோக்கி ஓடுகிறது. முல்லையாறு வந்து சேர்கிறது. அதன்பின் ஓர் அணை. பென்னி குவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. திருவிதாங்கூரோடு 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை அதற்கு ஆதாரம்.

அந்த அணையின் பொறியியல் சூட்சுமம் சுவரில் இருப்பதைவிட நிலத்தின் அமைப்பில் அதிகம் இருக்கிறது. முகட்டுக்கு மேற்கே, உயரத்தில், ஆறு வடக்கு நோக்கி மெல்ல ஓடும் ஒரு பள்ளத்தாக்கு. முகட்டுக்குக் கிழக்கே அதல பாதாளத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே தண்ணீரைத் தேக்கி மட்டத்தை உயர்த்தி, முகட்டில் ஒரு மைலுக்கு மேல் குகை குடைந்துவிட்டால் போதும். தண்ணீர் தானே கிழக்கே விழுந்துவிடும். பம்பு வேண்டாம், கரி வேண்டாம். அணையில் 104 அடிக்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் குகைக்கு வரும். அதற்குக் கீழே உள்ளது வராது. உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அந்தத் தண்ணீர் வைகையில் கலந்து தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது.

இப்போது படத்தை மனதில் வைத்துப் பாருங்கள். சங்கரன்கோவில் கண்ணெதிரே நிற்கும் மலையின் பின்புறம் பெய்யும் மழை வடக்கே போய், ஒரு குகையில் புகுந்து, மேலூர் வயலில் நெல்லாகிறது. மலையடிவாரத்திலேயே இருக்கும் சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் அதில் ஒரு குடம் கிடையாது. நீர்ப்பிரிமேட்டை மனிதர் ஓர் இடத்தில் தோற்கடித்தார்கள். அந்த இடம் இவர்களுக்கு நேரே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இவர்களுக்கும் ஒரு சிறிய முல்லைப் பெரியாறு இருந்தது. செண்பகவல்லி அணை, அல்லது கன்னிமதகு. சிவகிரி ஜமீன் காலத்து வேலை. அணை என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மேற்கே போகவிருந்த காட்டு ஓடைகளை மறித்துக் கிழக்கே திருப்பிவிட்ட ஒரு தடுப்புச் சுவர். முகட்டின் ஒரு தாழ்வான இடுப்பில் சுவர் எழுப்பினால் ஓடை திசை மாறும் என்பதைக் கண்டுபிடித்தவர்களிடம் சமமட்ட வரைபடம் இருந்திருக்காது. காட்டில் நடந்து நடந்து அறிந்திருப்பார்கள். திருப்பிய தண்ணீர் வாசுதேவநல்லூருக்கு மேலே தலையணைக்கு வந்து, வைப்பாற்று வடிநிலத்துக் குளங்களுக்குப் பிரிந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் சுவர் உடைந்தது. உடைந்த இடம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், இன்று புலிகள் காப்பகம். அரசாணை, கடிதம், வழக்கு என்று எல்லாம் நடந்தும் சுவர் மட்டும் எழும்பவில்லை. வாசுதேவநல்லூர், சிவகிரி விவசாயிகள் ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். என் கருத்தைக் கேட்டால், இரு மாநிலமும் மனம் வைத்தால் சில மாதங்களில் முடிகிற வேலை இது. சின்ன வேலை என்பதே அதற்குக் கெடுதலாகிவிட்டது. பெரிய அணைக்குப் பெரிய வழக்கறிஞர்கள் வருவார்கள்; உடைந்த சுவருக்கு யார் வருவார்?

கிழக்குச் சரிவுக்கு வருவோம். செங்கோட்டை, குற்றாலம், கடையநல்லூர் பக்கத்து ஓடைகளெல்லாம் சிற்றாற்றில் சேர்கின்றன. ஐந்தருவியாறு, அழுதகண்ணி, மேக்கரையில் அடவிநயினார் அணை நிற்கும் அனுமன்நதி, கடையநல்லூருக்கு மேலே அணை கட்டியிருக்கும் கருப்பாநதி. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணி, பிறப்பு முதல் முடிவு வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் பெரிய ஆறு. எந்த மாநிலத்தோடும் வழக்கு இல்லாத ஆறு என்ற அதிர்ஷ்டம் அதற்கு வாய்க்கக் காரணமே, எல்லை அங்கே நீர்ப்பிரிமேட்டோடு ஒட்டி ஓடுவதுதான். பொதிகைக்கு இரண்டு மழைக்காலத்திலும் மழை உண்டு. அதனால் தாமிரபரணி வற்றுவது அபூர்வம்.

வடக்கே சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் இறங்கும் ஓடைகளின் தலைவிதி வேறு. அவை வைப்பாற்றைச் சேர்ந்தவை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலை ஒட்டி ஓடும் நிட்சேப நதியும் அவற்றில் ஒன்று. வைப்பாறு சாத்தூர் வழியாக, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. படத்தில் பெரிய ஆறு. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். அதன் தலைமாட்டில் பொதிகை மாதிரி இரண்டு பருவமும் நனையும் பெரிய மலைப்பரப்பு கிடையாது. அங்கே கோடை மழையையும் தென்மேற்கு மழையையும் வாங்கிக்கொள்ளும் உயரமான மலைகள் எல்லைக்கு மேற்கே பெரியாற்றுக்குப் போய்விட்டன.

சங்கரன்கோவில் சீமை இந்த இரண்டு வடிநிலங்களுக்கும் நடுவிலுள்ள மேட்டில் இருக்கிறது. வடக்கே சரிந்தால் வைப்பாறு, தெற்கே சரிந்தால் சிற்றாறு. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சரிவு. ஆற்றுக் கால்வாய் ஏற முடியாத உயரம் என்பதால் மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் குளங்கள் பெரும்பாலும் மானாவாரிக் குளங்கள்: மேட்டில் விழுந்த மழை ஓடையில் இறங்கி முதல் குளத்தை நிரப்பும், அது மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அந்த மழை வருவது புரட்டாசி கடைசியிலிருந்து கார்த்திகை வரை, வங்கக்கடலிலிருந்து, கிழக்குப் பக்கமாக. அப்போது மலை குறுக்கே நிற்பதில்லை. புரட்டாசிப் பட்டத்தில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். கரிசல் மண் ஒருமுறை நனைந்தால் ஈரத்தை வாரக்கணக்கில் விடாது. அந்தக் குணம் இல்லையென்றால் இங்கே இவ்வளவு காலம் யாரும் வெள்ளாமை செய்திருக்க முடியாது. குடிநீர் கதை வேறு: தாமிரபரணித் தண்ணீர் குழாயில் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வருகிறது. அதாவது ஆறு ஏறாத மேட்டில் மின்சாரம் ஏற்றுகிறது.

இந்த மேட்டுக்கு மேற்கிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஒரு பெரிய திட்டம் காகிதத்தில் உண்டு. பம்பை – அச்சன்கோவில் – வைப்பாறு இணைப்பு. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை போட்ட கணக்கின்படி பம்பையிலும் அச்சன்கோவிலிலும் ஆண்டுக்கு 3,127 மில்லியன் கன மீட்டர் உபரி. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 634 மில்லியன் கன மீட்டர், கிட்டத்தட்ட 22 டிஎம்சி, மூன்று அணைகளில் தேக்கி மலையைக் குடைந்து வைப்பாற்று வடிநிலத்துக்குக் கொண்டுவரலாம். 91,400 ஹெக்டேர் பாசனம் பெறும். அன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கு என்று வரையப்பட்ட திட்டம் என்பதால் இன்றைய தென்காசி மாவட்டத்துக்கு அதில் கணிசமான பங்கு.

கேரளம் வேண்டாம் என்கிறது. அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது நம் மேடைகளில் சுலபம். அச்சன்கோவில் பம்பையில் கலந்து, பம்பை குட்டநாட்டில் போய்ச் சேர்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் நாடு அது. கோடையில் ஆற்றுநீர் குறைந்தால் கடல்நீர் வேம்பநாட்டுக் காயலில் ஏறி வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணையே கட்டினார்கள். மழைக்காலத்தில் கடலுக்குப் போவதை உபரி என்று ஆண்டுச் சராசரியில் எழுதலாம். மார்ச் மாதத்து உப்பைத் தள்ள அந்தச் சராசரி உதவாது. மறுபக்கத்தில், வெள்ளக்காலத் தண்ணீரை மட்டும் தேக்கித் தருவதில் குட்டநாட்டுக்கு என்ன இழப்பு என்ற தமிழ்நாட்டுக் கேள்விக்கும் நேரான விடை வரவில்லை. மூன்று அணைகளுக்கும் மூழ்கும் காடு யாருடையது என்பது அடுத்த சிக்கல். இது என் காலத்தில் நடக்கும் என்று நான் நம்பவில்லை. அதே முகட்டில் உடைந்து கிடக்கும் சுவரை முதலில் கட்டிக் காட்டினால் பெரிய பேச்சுக்கு ஒரு நம்பிக்கையாவது பிறக்கும்.

தண்ணீருக்கு வழி கிடைக்காத கணவாயில் மற்றவையெல்லாம் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1904இல் கொல்லம் – செங்கோட்டை ரயில் ஓடத் தொடங்கியது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவிலுள்ள குகையில் ரயில் புகும்போது பயணி ஒரே இருட்டில் நீர்ப்பிரிமேட்டையும் மாநில எல்லையையும் கடந்துவிடுகிறார். அகல ரயில்பாதையாக மாற்றி 2018இல் மீண்டும் திறந்தார்கள். வண்டியும் சாலையும் மனிதருக்கு வழி, யானைக்கு அடைப்பு. அகத்தியமலை யானைகளும் பெரியாற்றுக் காட்டு யானைகளும் பிரிந்து கிடப்பதற்கு இந்தக் கணவாயின் நெரிசல் முக்கியக் காரணம்.

புளியரை சோதனைச் சாவடியில் ஒரு ராத்திரி லாரிகளைப் பார்த்தால் போதும். சுரண்டை, பாவூர்சத்திரம் சந்தைகளிலிருந்து கத்தரிக்காய், தக்காளி, முருங்கை, பல்லாரி; மாட்டுக்கு வைக்கோல்; புளியங்குடி எலுமிச்சை; ஓணம் நெருங்கினால் சங்கரன்கோவில் பூ. ஆடியில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துப் போகிறார்கள். ஒரு கிலோ காய்க்குள் அதை விளைவித்த தண்ணீரும் அடங்கியிருக்கிறது. பொருளியலில் இதை மறைநீர் என்று கணக்கிடுகிறார்கள். காயில் கண்ணுக்குத் தெரியும் ஈரம் கொஞ்சம்தான். செடி உறிஞ்சி ஆவியாக விட்டது அதைப்போல் பல மடங்கு, பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் நாட்டுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் காணாத நாட்டிலிருந்து தண்ணீர் இப்படி லாரியில் ஏறிக் கணவாய் கடக்கிறது. நதிநீர்ப் பேச்சுவார்த்தைகளில் இந்தத் தண்ணீரை இதுவரை எந்தத் தரப்பும் கணக்கில் எழுதியதாகத் தெரியவில்லை. எழுதினால், யார் யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை வேறு மாதிரிக் கேட்க வேண்டியிருக்கும்.